விஞ்ஞானத்தில் கோட்பாடு: மலேரியா தரும் விளக்கம்

“அதெல்லாம் தியரி, நடைமுறைக்கு ஒத்து வராது” என்னும் பேச்சு அலுவலகங்களிலும் ஆசிரியர் அறைகளிலும் அன்றாடம் கேட்பது. காணாமற்போன பொருளைப் பற்றிப் பேசும்போது, “பக்கத்து வீட்டுப் பையன்தான் எடுத்திருப்பான் என்பது என் தியரி” என்பாரும் உளர். முதற்பேச்சில் அச்சொல் ஏட்டுச் சுரைக்காயைக் குறிக்கிறது. இரண்டாவதில் சான்றில்லாத ஊகத்தைக் குறிக்கிறது. தேர்வு அட்டவணையிலோ ‘தியரி’ என்றால் எழுத்துத் தேர்வு, ‘பிராக்டிகல்’ என்றால் ஆய்வுக்கூடத் தேர்வு. ஆதலின், தியரி என்பது மனப்பாடம் செய்து எழுதுவதற்கென்றே அமைந்தது, கையால் செய்யும் வேலைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்ற எண்ணம் மாணவன் மனத்தில் இளமையிலேயே ஊன்றிவிடுகிறது.

பேச்சுவழக்கில் இப்பொருள்கள் எல்லாம் செல்லுபடியாவனவே. அவற்றைக் குறை கூறுவதற்கில்லை. அதே பொருளை மனத்திற்கொண்டு விஞ்ஞான நூலைத் திறக்கும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. மருந்து தெளிக்க வரும் சுகாதாரப் பணியாளரைத் திண்ணையில் நிறுத்தி வீட்டுக்காரர், “கொசுவால் காய்ச்சல் வருகிறது என்பதும் ஒரு தியரிதானே?” என்று கேட்பதாகக் கொள்வோம். “ஆம்” என்பது விஞ்ஞான வழக்கில் சரியான விடை. ஆனால், அவர் கேட்ட பொருளில் அது தவறான விடை. அந்த ஒரு சொல்லோடு கதவு சாத்தப்பட்டுவிடலாம். இவ்விரு பொருள்களுக்கும் இடையேயுள்ள தூரம் எவ்வளவு என்பதை மலேரியாவின் வரலாற்றைப்போல் தெளிவாகக் காட்டும் வரலாறு வேறொன்றைக் காண்பது அரிது. அதன் முக்கியமான பகுதி இந்தியாவிலேயே நிகழ்ந்தது.

சொல்லால் விளையும் குழப்பம்

தமிழில் இக்குழப்பம் சற்றுக் கூடுதல். பள்ளிப் பாடங்களில் நெடுங்காலம் ‘அணுக் கொள்கை’, ‘பரிணாமக் கொள்கை’ என்றே எழுதிவந்தனர். ஆனால், ‘கொள்கை’ என்பது கட்சிக்கும் உண்டு, அரசாங்கத்துக்கும் உண்டு, தனி மனிதனுக்கும் உண்டு. ‘கொள்கை உடையவர்’ என்று ஒருவரைப் பாராட்டினால், எது வரினும் தம் கருத்தை மாற்றிக்கொள்ளாதவர் என்பது பொருள். விஞ்ஞானத்திலோ எதிரான சான்று கண்முன் நின்றபோதும் கருத்தை மாற்றாதிருப்பது பெருமையன்று. அதனாலேயே இன்றைய நூல்களில் ‘கோட்பாடு’ என்னும் சொல் மிகுதியாக வழங்குகிறது. எனினும், அதுவும் ‘கொள்’ என்ற அதே வேரில் பிறந்ததுதான். ‘சித்தாந்தம்’ என்ற பழைய சொல், எதிர்ப்பக்கத்தின் வாதத்தை முதலில் எடுத்துரைத்து அதற்கு விடைகூறி முடித்தபின் நிலைநாட்டப்பட்ட முடிபு என்ற பொருளுடையது. அவ்வகையில் அது விஞ்ஞானத்தின் கருத்துக்கு நெருங்கியதே. ஆனால், சமயத்துறை அச்சொல்லைத் தனக்கே உரியதாக்கிக்கொண்டுவிட்டது.

‘விதி’ என்ற சொல்லும் இவ்வாறே இருபொருள் படுவது. விஞ்ஞான விதிக்கும் தலைவிதிக்கும் தொடர்பில்லை என்பது சொல்லாமலே விளங்கும். விளங்காதிருப்பது வேறொன்று. ஊகம் சற்று வளர்ந்தால் கோட்பாடு, கோட்பாடு இன்னும் உறுதிப்பட்டால் விதி என்று படிக்கட்டுப்போல எண்ணுவோர் பலர். சில பாடக்குறிப்புகளிலும் இவ்வாறே காணப்படுகிறது. இது சரியன்று. வெப்பநிலை மாறாதிருக்க, வாயுவின் அழுத்தத்தை இரட்டித்தால் அதன் கன அளவு பாதியாகும் என்பது பாயில் கண்ட விதி. அது என்ன நிகழ்கிறது என்பதைச் சொல்கிறது. ஏன் நிகழ்கிறது என்பதை, ஓயாது ஓடிக்கொண்டிருக்கும் மூலக்கூறுகளைக் கொண்டு விளக்குவது வாயுக்களின் இயக்கக் கோட்பாடு. கோட்பாடு ஒருநாளும் விதியாகப் ‘பதவி உயர்வு’ பெறுவதில்லை. இரண்டின் வேலையும் வேறு. பல உண்மைகளையும் சில விதிகளையும் ஒரே காரணத் தொடரில் கோத்து, இதுவரை காணாதவற்றைக் குறித்தும் துணிந்து முன்னுரைப்பதே விஞ்ஞானக் கோட்பாடு.

பொய்யான கோட்பாட்டுக்கும் சான்று உண்டு

மலேரியா என்ற சொல்லுக்கு இத்தாலிய மொழியில் ‘கெட்ட காற்று’ என்று பொருள். சதுப்பு நிலத்தில் இலைதழை அழுகுவதால் எழும் நச்சுக்காற்றே குளிர்காய்ச்சலுக்குக் காரணம் என்று பல நூற்றாண்டுகள் மருத்துவர்கள் கருதினர். இன்று இதை நகைப்பது எளிது, ஆனால், நகைப்பதற்குரியதன்று. சதுப்புக்கு அருகில் காய்ச்சல் மிகுதி. அதிலிருந்து விலகினால் குறைவு. மழைக்காலத்தின் பின்பகுதியில் அது பெருகும். இரவில் வெளியே உறங்குவோரை மிகுதியாகப் பற்றும். சன்னலை அடைத்துக்கொண்டு உறங்குவோரைக் குறைவாகப் பற்றும். மேல்மாடியில் வாழ்வோர் ஓரளவு தப்புவர். சதுப்பை வடித்து உலர்த்திய இடங்களில் காய்ச்சல் தணிந்தது. இவை யாவும் உண்மையாகக் காணப்பட்டவை. இவை அனைத்தையும் நச்சுக்காற்று நன்றாகவே விளக்கியது. அதை நம்பிச் செய்த வடிகால் வேலையும் பயன் தந்தது.

ஆகவே, ஒரு கோட்பாடு தெரிந்த செய்திகளோடு பொருந்துகிறது என்பதாலேயே மெய்யாகிவிடாது. இதனை ஆசிரியர்கள் அழுத்திக் கூறுவது நலம். ஏனெனில், ‘சான்று இருந்தால் மெய், இல்லாவிட்டால் பொய்’ என்ற எளிய சூத்திரத்தோடு நின்றுவிடும் பாடம், நச்சுக்காற்றுக் கோட்பாட்டை எதிர்கொள்ளும்போது திகைத்துவிடும். மேலே கூறிய செய்திகள் ஒவ்வொன்றும் கொசுவுக்கும் பொருந்துவதைக் காண்க. நீர்த்தேக்கம், இரவு, திறந்த சன்னல், தாழ்ந்த படுக்கை ஆகிய எல்லாம் கொசுவுக்கும் உகந்தவையே. இரண்டு கோட்பாடுகளும் ஒரே விடையைத் தரும் கேள்விகளை ஆயிரம் முறை கேட்டாலும் வழக்கு முடிவதில்லை. அவை வெவ்வேறு விடை தரும் கேள்வியைத் தேடிப்பிடிப்பதே ஆராய்ச்சியாளனின் திறமை.

ஊகம் கோட்பாடான விதம்

1880-ல் அல்ஜீரியாவில் பணியாற்றிய பிரெஞ்சு இராணுவ மருத்துவர் லாவெரான், நோயாளியின் இரத்தத்தில் உயிருடன் அசையும் நுண்ணிய ஒட்டுயிரைக் கண்டார். நோயின் வித்து காற்றிலோ மண்ணிலோ அன்றி இரத்தத்திலேயே இருக்கிறது என்பது இதனால் தெரிந்தது. அது ஒருவர் உடலிலிருந்து மற்றொருவர் உடலுக்கு எவ்வாறு செல்கிறது என்பது தெரியவில்லை.

கொசுவின்மீது ஐயம் கொண்டோர் அப்போதே சிலர் இருந்தனர். அமெரிக்க மருத்துவர் கிங் 1883-ல் கொசுவுக்கும் மலேரியாவுக்கும் தொடர்புண்டு என்று கருதப் பத்தொன்பது காரணங்களை அடுக்கி எழுதினார். பின்னர் அவர் கூறியதே மெய்யாயிற்று. எனினும், அவர் எழுதியது கோட்பாடு அன்று, அறிவார்ந்த ஊகம். கொசுவின் உடலில் என்ன நிகழ்கிறது, எத்தனை நாளில் நிகழ்கிறது, எல்லாக் கொசுவிலும் நிகழ்கிறதா என்ற கேள்விகளுக்கு அதில் விடை இல்லை. எதைச் செய்து பார்த்தால் அது பொய்யென்று தெரியும் என்பதும் அதில் இல்லை.

யானைக்கால் நோயின் நுண்புழு கொசுவின் உடலில் வளர்வதைச் சீனாவில் பணியாற்றியபோது கண்டறிந்திருந்த பாட்ரிக் மான்ஸன், 1894-ல் மலேரியாவுக்கும் அத்தகையதொரு வழியே இருக்கவேண்டும் என்று கூறினார். இது கருதுகோள் என்னும் நிலை. அதாவது, சோதித்துப் பார்க்கத்தக்க வகையில் அமைத்துச் சொல்லப்பட்ட ஊகம். அதன் ஒரு பாதி தவறாயிருந்தது. கொசு நீரில் இறந்து விழ, அந்நீரைக் குடிப்பவருக்கு நோய் தொற்றுகிறது என்று மான்ஸன் எண்ணினார். இந்திய மருத்துவப் பணியில் இருந்த ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் இதனைச் சோதித்தார். கொசுக்கள் இறந்து கிடந்த நீரைக் குடிக்க இசைந்தவர்களுக்கு அதனால் மலேரியா வந்ததென்று நிறுவ முடியவில்லை. அப்பாதி கைவிடப்பட்டது.

மற்றப் பாதிக்கு ராஸ் இரண்டாண்டு உழைக்கவேண்டியதாயிற்று. அகப்பட்ட கொசுக்களையெல்லாம் நோயாளியின் இரத்தத்தைக் குடிக்கச் செய்து, ஒவ்வொன்றையும் அறுத்து மைக்ராஸ்கோப்பில் நோக்கினார், ஒன்றும் தென்படவில்லை. இவ்விடத்தில் ‘கொசு தியரி பொய்’ என்று நிறுத்தியிருக்கவும் கூடும். ஆனால், அவர் சோதித்தவை பெரும்பாலும் வீட்டருகே எளிதாகக் கிடைத்த வேறு இனக் கொசுக்கள். 1897 ஆகஸ்டு 20-ஆம் நாள், சிறகில் புள்ளிகளையுடைய கொசு ஒன்றின் வயிற்றுச் சுவரில், மலேரியா ஒட்டுயிருக்கே உரிய கருநிறத் துகள்கள் கொண்ட அணுக்களைக் கண்டார். அதுவே இன்று அனாபிலிஸ் என்று வழங்கும் இனம். மறு ஆண்டு கல்கத்தாவில் பறவைகளைத் தாக்கும் மலேரியாவை ஆராய்ந்து, ஒட்டுயிர் கொசுவின் வயிற்றிலிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்குச் செல்வதையும், அக்கொசு கடித்த நல்ல பறவை நோயுறுவதையும் காட்டினார். அதே 1898-ல் இத்தாலியில் கிராஸியும் அவர்தம் தோழர்களும் மனித மலேரியாவுக்கும் அனாபிலிஸே காரணம் என்பதை மெய்ப்பித்தனர். ராஸுக்கும் கிராஸிக்கும் இடையே யார் முதல்வர் என்று எழுந்த பூசல் இக்கட்டுரைக்கு வேண்டாதது; விஞ்ஞானத்துக்கும் அதனால் விளைந்த நன்மை ஒன்றுமில்லை.

இரண்டு கோட்பாடுகளையும் நேருக்கு நேர் நிறுத்திய சோதனை 1900-ல் நடந்தது. ரோமாபுரிக்கு அருகே காய்ச்சலுக்குப் பேர்போன சதுப்பு வெளியில், சன்னல்களுக்கும் கதவுகளுக்கும் கம்பிவலை பொருத்திய குடிசை ஒன்று நிறுத்தப்பட்டது. சாம்பன், லோ என்னும் மருத்துவர்கள் காய்ச்சல் பருவம் முழுவதும் அதில் தங்கினர். மாலை மறைவதற்குள் உள்ளே புகுந்துவிடுவர். சதுப்பின் இரவுக் காற்று வலைவழியே தடையின்றி வந்தது. கொசு மட்டும் வரவில்லை. அவர்கள் நலமாக இருந்தனர். சுற்றிலும் வாழ்ந்தவர்கள் காய்ச்சலில் நடுங்கினர். அதே காலத்தில் ரோமாபுரியில் நோயாளிகளைக் கடித்த கொசுக்கள் பெட்டியில் அடைக்கப்பட்டு லண்டனுக்கு அனுப்பப்பட்டன. மான்ஸனின் மகன் அவற்றுக்குத் தம் கையை நீட்டினார். சதுப்பு எதுவும் அருகில் இல்லாத அந்நகரில், உரிய நாட்கள் கழித்து அவருக்கு மலேரியா கண்டது. இரத்தத்தில் ஒட்டுயிரும் காணப்பட்டது.

நச்சுக்காற்று உண்டு, கொசு இல்லை, நோயும் இல்லை. கொசு உண்டு, நச்சுக்காற்று இல்லை, நோய் உண்டு. இவ்விரு சோதனைகளின் முடிவும் முன்கூட்டியே சொல்லப்பட்டது என்பதுதான் இங்குக் கவனிக்கவேண்டியது. முடிவு மாறி வந்திருந்தால் கொசுக் கோட்பாடு அன்றே வீழ்ந்திருக்கும். விழக்கூடிய இடத்தில் நின்றும் விழாததனால் அதற்கு வலிமை வந்தது.

தோல்வி எதைக் காட்டுகிறது?

களப் பணியாளர் பலர் அறிந்த இடர்ப்பாடு இதற்குப் பிறகே தொடங்குகிறது. லாகூருக்கு அருகிலுள்ள மியான்மீர் படைவீடு அக்காலத்தில் மலேரியாவுக்குப் பேர்பெற்றது. பாசன வாய்க்கால்கள் அதனூடே ஓடின. 1902 முதல் சில ஆண்டுகள் அங்கே பள்ளங்களைத் தூர்த்தும் வாய்க்கால்களை அடைத்தும் எண்ணெய் ஊற்றியும் கொசுவை ஒழிக்க முயன்றனர். எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. ‘தியரி சரி, நடைமுறை வேறு’ என்ற வாக்கியம் அப்போது பல வாய்களில் புறப்பட்டது. வேலை நடந்த நிலப்பரப்பு போதாது, கொசுவின் தொகையை முன்னும் பின்னும் எண்ணிப் பார்க்கவில்லை என்று ராஸ் மறுத்தார். இருதரப்பு வாதங்களும் பல ஆண்டுகள் நீண்டன.

மலாயாவில் மால்கம் வாட்ஸன் கண்டது இதனினும் வியப்பானது. கடற்கரைச் சமவெளியில் காட்டை வெட்டி நீரை வடித்ததும் மலேரியா விரைந்து தணிந்தது. அதே வேலையைக் குன்றுப்பகுதி ரப்பர்த் தோட்டங்களில் செய்தபோது நோய் பெருகிற்று. அத்தோட்டங்களில் உழைத்தவர்களுள் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்கள். தோல்வியின் விலையை உயிராகக் கொடுத்தவர்கள் அவர்களே. காரணம் பின்பு தெளிவாயிற்று. சமவெளியில் நோயைப் பரப்பிய அனாபிலிஸ் நிழலில் தேங்கிய நீரில் முட்டையிடுவது. மரத்தை வெட்டியதும் அதற்கு இடமில்லாது போயிற்று. குன்றுகளில் நோயைப் பரப்பியதோ வெயில் படும் தெளிந்த ஓடையில் வளர்வது. மரத்தை வெட்டியதால் அதற்குப் புதிய வீடு கிடைத்தது.

இதன்பின் ‘கொசு’ என்று பொதுவாகப் பேசுவது போதாது என்பது உறுதியாயிற்று. இந்தியாவில் ஐம்பதுக்கு மேற்பட்ட அனாபிலிஸ் இனங்கள் உள்ளன. அவற்றுள் நோயைப் பரப்புவன சிலவே. கிராமப்புறத்தில் பாசன நீரிலும் குட்டையிலும் ஆற்றுமணல் பள்ளங்களிலும் வளரும் கியூலிசிபேசிஸ் ஒன்று. மலையடிவார ஓடைகளில் வளரும் புளூவியாட்டிலிஸ் மற்றொன்று. நகரத்துக் கிணறுகளிலும் தொட்டிகளிலும் வளர்வது ஸ்டீபென்சி. சதுப்பே இல்லாத பம்பாய் நகரின் நடுவில் மலேரியா இருந்ததற்குக் காரணம் இந்த ஸ்டீபென்சியே என்பதும், அது வீட்டுக் கிணறுகளில் வாழ்கிறது என்பதும் 1911-ல் வெளியான பென்ட்லியின் அறிக்கையால் புலப்பட்டன. நச்சுக்காற்றை நம்பியவன் பம்பாயில் எங்கே தேடியிருப்பான்?

மியான்மீரும் மலாயாக் குன்றுகளும் கொசுக் கோட்பாட்டைப் பொய்யாக்கவில்லை; அதன் வரைபடத்தில் வெற்றிடமாயிருந்த பகுதிகளைக் காட்டின. இதற்காகத் தோல்வி எதையும் எப்படியும் விளக்கிவிடலாம் என்று கருதலாகாது. திருத்தம் புதியதொரு முன்னுரையைத் தரவேண்டும். ‘இவ்விடத்தில் இந்த இனத்தைத் தேடினால் அதன் சுரப்பியில் ஒட்டுயிர் இருக்கும், அவ்விடத்தில் அந்த இனத்தில் இராது’ என்று சொல்லி, அறுத்துப் பார்த்தால் அவ்வாறே இருக்கவேண்டும். அவ்வாறு இல்லாத திருத்தம் வெறும் சாக்கு.

கண்ணால் கண்டதும் பொய்யான கதை

கொசு கடித்த நாளுக்கும் இரத்தத்தில் ஒட்டுயிர் தோன்றும் நாளுக்கும் இடையே ஒரு வாரமோ அதற்கு மேலோ செல்கிறது. இந்த இடைக்காலத்தில் அது எங்கே இருக்கிறது? கோட்பாட்டில் இருந்த பெரிய ஓட்டை இது. 1903-ல் ஜெர்மானிய விலங்கியலார் ஷௌடின், கொசுவிலிருந்து வந்த ஒட்டுயிர் நேராகச் சிவப்பணுவுக்குள் நுழைவதை மைக்ராஸ்கோப்பில் கண்டதாக எழுதினார். அவர் புகழ் பெரிது; ஆதலின், அக்கூற்று நாற்பதாண்டுக்கு மேல் பாடநூல்களில் நின்றது. வேறொருவராலும் அதனை மீண்டும் காணக் கூடவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது ஆஸ்திரேலியாவில் பேர்லி செய்த சோதனைகள், கொசு கடித்து அரைமணி நேரம் கழிந்தபின் பல நாட்கள்வரை அவ்விரத்தத்தைப் பிறருக்குச் செலுத்தினால் நோய் தொற்றுவதில்லை என்று காட்டின. அப்படியாயின், ஒட்டுயிர் இரத்தத்தில் இல்லை. 1948-ல் ஷார்ட்டும் கார்னமும் அது கல்லீரலில் ஒளிந்து பெருகுவதைக் கண்டறிந்தனர்.

‘உண்மை என்பது கண்ணால் கண்டது, தியரி என்பது மனத்தால் எண்ணியது, எனவே, முன்னதே உயர்ந்தது’ என்று கருதுவோர் இந்நிகழ்ச்சியை நினைவில் வைப்பது நன்று. இங்கே ‘கண்ட’தாகக் கூறியது தவறாயிற்று, எங்கோ மறைவிடம் இருக்கவேண்டும் என்று எண்ணியது சரியாயிற்று.

களத்தில் இதற்கு நேரடியான பயன் உண்டு. வைவாக்ஸ் வகை மலேரியாவில் ஒட்டுயிரின் ஒரு பகுதி கல்லீரலில் மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்து மீண்டும் எழும். காய்ச்சல் மூன்றாம் நாளே விட்டுவிட்டபோது பிரிமாகுவின் மாத்திரையை ஏன் பதினான்கு நாள் விழுங்கவேண்டும் என்று நோயாளி கேட்டால், அதற்குரிய விடை இக்கோட்பாட்டில்தான் இருக்கிறது. இரத்தத்தில் உள்ளதை அழிப்பது ஒரு மருந்து. கல்லீரலில் உறங்குவதை அழிப்பது மற்றொன்று. விடை தெரியாத பணியாளர் ‘டாக்டர் சொல்லியிருக்கிறார்’ என்பார். நான்காம் நாள் மாத்திரைகள் பரணில் இருக்கும்.

சுவரில் தெளிப்பதன் கணக்கு

கோட்பாடு நடைமுறைக்கு உதவாது என்னும் கூற்றுக்கு மிகச் சிறந்த மறுப்பு ஒரு பெருக்கல் கணக்கு. நோயாளியைக் கடித்த கொசு உடனே நோயைப் பரப்ப இயலாது. ஒட்டுயிர் அதன் வயிற்றில் வளர்ந்து உமிழ்நீர்ச் சுரப்பியை அடைய, நம் நாட்டு வெப்பத்தில் சுமார் 10 முதல் 14 நாள் பிடிக்கும். அந்நாட்களுக்குள் கொசு இறந்துவிட்டால் ஒட்டுயிரும் அதனுடன் ஒழிந்தது. (வெப்பநிலை 16 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே தங்கிவிடும் இடத்தில் இவ்வளர்ச்சி நின்றேபோகும், உயர்ந்த மலைகளில் கொசு இருந்தும் மலேரியா பரவாதது இதனால்.)

நோயாளியைக் கடித்த கொசுக்கள் 10,000 என்றும், வளர்ச்சிக்கு 12 நாள் வேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். நாள்தோறும் நூற்றுக்குத் தொண்ணூறு பிழைக்குமாயின், பன்னிரண்டாம் நாள் எஞ்சுவன சுமார் 2,824. கொசுப்புழுக்களை அழித்துக் கொசுவின் தொகையைப் பாதியாக்கினால் எஞ்சுவனவும் பாதி, அதாவது 1,412. தொகையைத் தொடாமல், நாள்தோறும் பிழைப்பவை நூற்றுக்கு ஐம்பது என்று ஆக்கினால் எஞ்சுவன எத்தனை? இரண்டு அல்லது மூன்று. பன்னிரண்டு முறை பாதியாக்கிய கணக்கு இது, 4,096-ல் ஒன்று.

ஜார்ஜ் மக்டானல்டு 1950-களில் விளக்கிய கருத்தின் சாரம் இதுவே. கொசு ஒவ்வொன்றையும் ஒழிக்க வேண்டியதில்லை. அதன் தொகை ஓர் எல்லைக்குக் கீழே சென்றால் நோய் தானே மறையும் என்று ராஸ் அதற்கு முன்பே கணித்திருந்தார். அது எழுதப்பட்ட காலத்தில் ‘ஏட்டுக் கணக்கு’ என்று பலர் ஒதுக்கினர். மக்டானல்டு அதனை மேலும் கூர்மையாக்கினார். இரத்தம் குடித்த அனாபிலிஸ் பெரும்பாலும் வீட்டினுள் சுவரில் அமர்ந்து இளைப்பாறும். அச்சுவரில் மருந்து படிந்திருந்தால், பன்னிரண்டு நாட்களுக்குள் அது பலமுறை மரணத்தைத் தொட்டாக வேண்டும். சுவரில் தெளிக்கும் வேலை கொசுத்தொல்லையைக் குறைப்பதற்காக ஏற்பட்டதன்று. கொசு முதுமை அடையாமல் தடுப்பதற்காக ஏற்பட்டது. தெளித்த பின்னும் கொசு கடிக்கிறதே என்று குறைகூறும் வீட்டுக்காரருக்கும், தெளித்த மறுவாரமே சுவரைச் சாணமிட்டு மெழுகும் வீட்டம்மாளுக்கும் இதனைச் சொல்லாவிட்டால் வேலையின் பாதி வீணே.

இந்தியா விடுதலை பெற்ற காலத்தை ஒட்டி ஆண்டுதோறும் 7.5 கோடிப் பேர் மலேரியாவால் வருந்தினர், 8 லட்சம் பேர் மாண்டனர் என்பது அக்கால மதிப்பீடு. 1953-ல் தேசியக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிற்று; 1958-ல் அது ஒழிப்புத் திட்டமாக விரிந்தது. டி.டி.டி. சுவர்களில் தெளிக்கப்பட்டது. 1965-ல் பதிவான நோயாளிகள் ஏறத்தாழ 1 லட்சம்.

அதன்பின் வந்த பின்னடைவையும் மறைப்பதற்கில்லை. 1976-ல் நோயாளிகள் 64 லட்சத்துக்கும் மேல். கியூலிசிபேசிஸ் டி.டி.டி.யைத் தாங்கும் ஆற்றல் பெறத் தொடங்கியது 1950-களின் இறுதியிலேயே காணப்பட்டது. நோய் குறைந்த ஊர்களில் கண்காணிப்புத் தளர்ந்தது. மருந்து வரவும் சீராக இல்லை. ‘தியரி தோற்றது’ என்ற பழைய குரல் மீண்டும் எழுந்தது. மேலே சொன்ன பெருக்கலை மறுபுறமாகப் போட்டால் இதற்கு விடை கிடைக்கும். மருந்தைத் தாங்கும் கொசுக்கள் பெருகி, நாள்தோறும் பிழைப்பவை நூற்றுக்கு ஐம்பதிலிருந்து எண்பதாக ஏறினால், 10,000-ல் எஞ்சுவன இரண்டிலிருந்து சுமார் 690 ஆகும். சிறிய தளர்ச்சிக்கு இத்துணைப் பெரிய தண்டனை என்பதையும் முன்னுரைத்தது அதே கோட்பாடுதான்.

வகுப்பில் இதனை விளக்க விரும்பும் ஆசிரியருக்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. நச்சுக்காற்றுக்கும் கொசுவுக்கும் பொருந்தும் செய்திகளைக் கரும்பலகையில் ஒருபுறம் எழுதி, இரண்டையும் பிரித்துக்காட்டும் ஒரு கேள்வியை மாணவரே கண்டுபிடிக்குமாறு விட்டுவிடலாம். ரோமாபுரிக் குடிசையை முதலில் சொல்லிவிடாதிருப்பது நல்லது. மாணவருள் யாரேனும் ‘வலைபோட்ட வீட்டில் சன்னலைத் திறந்துவைத்துப் பார்க்கலாம்’ என்று சொல்லக்கூடும். கோட்பாடு எதற்குப் பயன்படுகிறது என்பதை அம்மாணவன் அந்நேரத்தில் அறிந்துவிடுகிறான். வரையறையைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.

இக்கோட்பாட்டின் வேலை முடிந்துவிடவில்லை. பம்பாய்க் கிணறுகளில் நூறாண்டுக்கு முன் அடையாளம் காணப்பட்ட ஸ்டீபென்சி, 2012-ல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் காணப்பட்டது. சில ஆண்டுகளில் எத்தியோப்பியாவிலும் சூடானிலும் தென்பட்டது. ஆப்பிரிக்காவில் மலேரியா பெரும்பாலும் கிராமத்து நோய், மழைக்கால நோய். இக்கொசு வந்துவிட்டால் நகரத்திலும், மழையில்லாத மாதத்திலும் நோய் வரும் என்று ஆராய்ச்சியாளர் எச்சரித்தனர். 2022-ல் எத்தியோப்பியாவின் டிரே டாவா நகரில், கோடையில், அவ்வாறே வந்தது. அங்குள்ள சுகாதாரப் பணியாளர்கள் சதுப்பு நிலங்களைத் தேடிப் போகவில்லை. வீடு வீடாகத் தண்ணீர்த் தொட்டிகளைத் திறந்து பார்த்தனர்.